வெறுமையாக வந்த விடை

தரவுப் பொறியாளர் நேர்காணலுக்கு ஆயத்தமான மாதங்களில் பெரும்பகுதியை, பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து செயலாக்கும் ஸ்பார்க் மென்பொருளுக்கே செலவிட்டேன். அதில் தரவை மறுபகிர்வு செய்யும்போது உருவாகும் ஷஃபிள் பிரிவுகளின் இயல்பு எண்ணிக்கை 200 என்பதெல்லாம் மனப்பாடம். கேட்கப்பட்டதோ, ஒருமுறைகூட ஆர்டர் செய்யாத வாடிக்கையாளர்களைத் தேடும் எளிய எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) வினவல். 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று பொருள்படும் 'நாட் இன்' கொண்டு எழுதி இயக்கினேன்; ஒரு வரிசைகூட வரவில்லை.

ஆர்டர் அட்டவணையின் வாடிக்கையாளர் எண்களுக்கிடையே ஒரேயொரு 'நல்' (மதிப்பே இல்லாத வெற்றிடம்) ஒளிந்திருந்தது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையும் அன்று, பொய்யும் அன்று, 'தெரியாது' என்பதே. ஆகவே உள்வினவல் தரும் பட்டியலில் அது ஒன்று இருந்தாலே, நாட் இன் நிபந்தனை எந்த வரிசைக்கும் உண்மையாகாது. பொருந்தும் வரிசை இல்லையா என்று மட்டும் பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் தப்பியிருப்பேன். (தேர்வாளர் புன்னகைத்தார், அதுதான் அதிகம் வலித்தது.)

இப்போது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் பத்து வரிசை கொண்ட சிறு அட்டவணையை நானே அமைத்து, அதில் ஒரு நல்லையும் ஓர் இரட்டைப் பதிவையும் வேண்டுமென்றே நுழைத்து, வினவலை இயக்குமுன் விடையைத் தாளில் எழுதிப் பார்க்கிறேன். 90, 90, 80 என்ற மதிப்பெண்களுக்கு, சமநிலைக்குப் பின் இடம் விட்டு வரிசைப்படுத்தும் ரேங்க் 1, 1, 3 என்றும், இடம் விடாத டென்ஸ் ரேங்க் 1, 1, 2 என்றும் தருவதை அப்படித்தான் கைவரப் பெற்றேன். ஸ்பார்க் புத்தகம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.