வாட்டம்

மே 6, 2025
டிராக்டர், டில்லர் பட்டறையின் தரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. இருபதுக்கு முப்பது அடி. பின்சுவரை ஒட்டிக் கால்வாய், அதை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம். நான் டியூப்பும் கையுமாக மட்டம் பார்த்துக்கொண்டே இருந்ததில் கொத்தனார் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. “தம்பி, நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள இது இறுகிடும்.”

மே 7
கான்கிரீட் காயாமல் இறுகக் களிமண் வரப்பு கட்டித் தண்ணீர் விட்டோம். தளம் சரிவாக இருப்பதால் ஒரே பாத்தி போதாது, குறுக்கே நாலு பாத்தி. எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, “குறுவைக்கு நாத்து விடுறியாப்பா?” என்றார்.

மே 15
வரப்பை வெட்டிவிட்டேன். லேத் (கடைசல் மெஷின்) வரப்போகும் மூலையில் மட்டும் சாப்பாட்டுத் தட்டளவு தண்ணீர் நின்றது. அத்தனை மட்டம் பார்த்தும்! மெல்லிசாகப் பூசிவிடலாம் என்றார் அண்ணன். வேண்டாமென்றேன். டிராக்டர் நாலு தடவை திரும்பினால் அந்தப் பூச்சு பெயர்ந்துவிடும். தண்ணீர் வடியும் பக்கத்து மேட்டை மெஷினால் தேய்த்து இறக்கினோம். மேலே படிந்திருந்த சிமென்ட் பாலும் அப்படியே போயிற்று.

ஜூன் 5
கான்கிரீட் இறுகுவதற்கான 28 நாள் தாண்டியாயிற்று. பெயிண்ட் கடையில் எபாக்ஸி அடிக்கச் சொல்கிறார்கள், தரைமேல் தோலாகப் படியும் பளபளப்பான பூச்சு. அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு முழத்துக்குப் பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் பிரித்தேன். உலர்ந்துதான் இருந்தது. ஆனால் குடமுருட்டியில் இப்போது வெறும் மணல். பாபநாசத்தில் கோடைத் தரையை நம்பலாமா? கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் விரிக்காமல் விட்டது என் தப்பு. காசு மிச்சம் பிடித்த லட்சணம்.

ஜூன் 12
மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்த பிறகு இன்னொரு தடவை ஈரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எபாக்ஸியைத் தள்ளிப்போட்டேன்.

ஜூன் 28
பக்கத்து வாய்க்காலில் நாலைந்து நாளாகத் தண்ணீர். அதே இடத்தில் அதே தாள். காலையில் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக ஈரம், கான்கிரீட்டும் கறுத்திருந்தது. எபாக்ஸி அடித்திருந்தால் இந்த ஆவி வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கிளப்பியிருக்கும். சோடியம் சிலிகேட் என்று முடிவு செய்தேன். அது மேலே தோலாகப் படியாது. உள்ளே இறங்கி, கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். ஆவியும் போகும், தூசியும் கிளம்பாது. பளபளப்பு கிடையாது. பட்டறைக்கு எதற்குப் பளபளப்பு?

ஜூன் 30
சிலிகேட் அடித்தாயிற்று. அரை மணியில் பிசுபிசுக்கும், உடனே தண்ணீர் தெளித்து மிச்சத்தைக் கழுவித் தள்ள வேண்டும். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வருவதற்குள் கால்வாய் ஓரத்தில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பிடித்துக்கொண்டது. சுரண்டினாலும் போகவில்லை. கிடக்கட்டும்.

ஜூலை 2
கால்வாய் முடிவில் எண்ணெய்த் தொட்டி. வெளியேறும் குழாயில் முழங்கை மாட்டி, வாயைத் தண்ணீருக்குள் முக்கி வைத்தோம். எண்ணெய் மேலே மிதக்கும், அடித்தண்ணீர் மட்டும் உறை இறக்கிய உறிஞ்சுகுழிக்குப் போகும். வாய்க்காலில் விட்டால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?

சாயங்காலம் முதல் பவர் டில்லர் வந்தது, சக்கரமெல்லாம் சேறு. கழுவிவிட்டேன். லேத் மூலையில் தண்ணீர் ஒரு நொடி தயங்கிவிட்டு, அப்புறம் ஓடியது.