சாமைச் சோறும் அத்தையின் கேள்வியும்

வீட்டில் சாமை சமைக்க ஆரம்பித்ததும் முதல் எதிர்ப்பு மாமியாரிடமிருந்துதான். "பஞ்ச காலத்துல தின்னதை இப்பவும் தின்னணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஏழை வீட்டில் நெல்லுச்சோறு என்பது பண்டிகைக்குத்தான். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி, கம்மங்கூழ். தினமும் அரிசி பொங்குகிற நிலைக்கு வர அத்தை தலைமுறை பட்ட பாடு சாதாரணமில்லை. அதை மறந்துவிட்டு "சத்தானது, சாப்பிடுங்க" என்று பாடம் எடுப்பது மரியாதை இல்லை.

ஆனாலும் சாமை நமக்கு அந்நியம் இல்லை. பக்கத்து ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாக மானாவாரியில் விளைகிறது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகுதான் பல வீடுகளில் பேச்சே வந்தது.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வெள்ளை வெளேரென்று தீட்டியதில் தவிடும் நார்ச்சத்தும் போயிருக்கும். லேசான பழுப்பு நிறம்தான் நல்லது. கல் போக அரித்து, அரை மணி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அளவையும் பார்க்கணும், இதிலும் மாவுச்சத்து உண்டு.

அத்தைக்கு இலவம்பாடி முள் கத்திரிக்காய்க் காரக்குழம்போடு பரிமாறினேன். "கேப்பங்களி கிண்டினா சாப்பிடுறேன்" என்றார். சரி, இனி வாரம் ஒருநாள் களி, கிண்டுவது அவரேதான்.