அரிட்டாபட்டிக்கு ஆள் கூட்டிப்போகும் வேலை

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு சின்ன சுற்றுலா நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கெடாவின் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தில் கோடு கீறிப் பால் எடுத்து, ஓய்ந்தவர்கள், இபிஎஃப் எனும் சேமநிதிப் பணத்தில் ஒரு தடவையாவது தமிழ்நாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று இருப்பவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் விற்பதும் அவர்கள் கேட்பதுதான்: அறுபடை வீடு, நவக்கிரகம், கடைசி நாள் புடவைக் கடை. இதில் மதுரை நாளில் அரிட்டாபட்டி என்று ஒரு கிராமத்தையும் சேர்க்கலாம் என்றேன். முதலாளி, "கல்லைக் காட்டவா ஜனங்ககிட்ட காசு வாங்குறோம்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எந்தக் குழுவாக இருந்தாலும் பஸ் நின்றதும் வரும் முதல் கேள்வி கழிப்பறை எங்கே, அடுத்தது சாமி எங்கே. மூட்டு வலியோடு படியேறி வந்தவரிடம், இங்கே அர்ச்சனை கிடையாது, ஒரு குகையும் எழுத்தும்தான் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அரிட்டாபட்டி மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் குன்றுகள், ஏரிகள், சுனைகள். ஒரு குன்றில் சமண முனிவர்கள் தங்கிய குகை. அதன் நெற்றியில் 2,000 ஆண்டுக்கும் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, நெல்வேலிக்காரர் ஒருவர் இந்தக் குகையைக் கொடுத்தார் என்கிறது. அதே இடத்தில், பிறகு பல நூறு ஆண்டு கழித்துப் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவம், அதன் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் ஒரு கல்வெட்டு. ஊரின் இன்னொரு பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் சிவனுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். அதன் வாசலில் ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசர். கையில் தண்டத்தோடு இருக்கும் இந்த லகுலீசர் தமிழ்நாட்டில் அபூர்வம். ஆனால் எங்கள் ஆட்கள் பிள்ளையாரைப் பார்த்ததும் தோப்புக்கரணம் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள், லகுலீசர் பாடு கொஞ்சம் கஷ்டம்தான்.

ஒரு பயணத்தில், முன்பு எங்கள் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் வந்திருந்தார். மற்றவர்கள் நிழல் தேடி உட்கார, அவர் மட்டும் குகையின் வாசலில் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டட்டும் என்பதற்காக. யாரும் விளக்கிச் சொல்வதற்கு முன்னாலேயே பாட்டி விரலை நீட்டி, "இது மழைக்கு வெட்டினதுதானே தம்பி? மரத்துல கோடு போட்டா பால் கோட்டோட வந்து மங்குல விழுற மாதிரி" என்றார். மங்கு என்பது பால் பிடிக்கும் கிண்ணம். ஊர்க்காரர் ஒருவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. அவர் சிரித்துவிட்டு, "ஆத்தா சொல்றது ரொம்ப சரி" என்றார். படித்தவர்கள் எத்தனையோ பேரை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன், எழுத்தைத்தான் படமெடுப்பார்கள், அந்த விளிம்பை யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் வழிகாட்டி வட்டெழுத்தைப் படித்துக் காட்டினார். அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி, பாதிரிக்குடியார் ரட்சை, அதாவது இதைக் காப்பது பாதிரிக்குடிக்காரர்கள் பொறுப்பு. பாட்டி உடனே கேட்டார், "அவங்க ஆளுங்க இன்னும் இருக்காங்களா?"

"அவுக இருக்காகளோ என்னமோ, நாங்க இருக்கோம்ல ஆத்தா" என்று சொல்லி, அவர் டங்ஸ்டன் கதைக்குப் போய்விட்டார். 2022 நவம்பரில் இந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் பார்த்தால் இதே வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போயிருக்கிறது. சுற்று வட்டாரத்து ஊர்கள் எல்லாம் எழுந்து நின்றன, கிராமசபைத் தீர்மானம், சட்டசபைத் தீர்மானம், மதுரைக்கு நடைபயணம். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வழிகாட்டி இதையெல்லாம் சொந்த வயலை மீட்ட கதையாகத்தான் சொன்னார். அவர் சமணரும் இல்லை.

பாட்டி ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். சாமியைவிட, சாமியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதுதான் தோட்டத்து ஆட்களின் கவலை. தோட்டம் கைமாறும், கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வரும், செம்பனை போய் வீடமைப்பு வரும், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சனங்கள் ஆளுக்கொரு மலிவு வீட்டுக்குச் சிதறுவார்கள், மாரியம்மன் மட்டும் யாருடைய நிலத்தில் நிற்கிறாள் என்ற கேள்வியோடு தனியாக நிற்பாள். கோயில் மட்டுமல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது, பௌத்தத் தடயமும் சைவத் தடயமும் கலந்து கிடக்கிற மண், பழைய கடாரம். 2013-இல் அங்கே 11-ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயிலை இங்கே சண்டி என்பார்கள்) நில மேம்பாட்டுக்காக இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தபோது கல் கூட மிச்சமில்லை. பக்கத்தில் ஒரு பாதிரிக்குடி இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். சட்டம், அருங்காட்சியகம் எல்லாம் வேண்டியதுதான், ஆனால் புல்டோசர் வரும் காலையில் அங்கே நிற்பது யார்?

சேலம், நாமக்கல் பூர்வீகம் உள்ள குழு என்றால் சேலத்தில் தலைவெட்டி முனியப்பனையும் காட்டுவேன். அங்கேதான் பஸ்ஸில் பெரிய சண்டை வரும். முனியப்பன் என்று கும்பிட்டுவந்த அந்தச் சிலை, தாமரை ஆசனத்தில் தியானத்தில் இருக்கும் புத்தர் என்று தொல்லியல் துறை சொன்னது, 2022-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்று, அந்த இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. தோட்டத்தில் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பார்களா? "அத்தனை வருஷம் கும்பிட்டாச்சு, இனி அது முனியப்பன்தான்யா" என்று ஒருவர். "அப்ப நம்ம கோயிலை இன்னொருத்தன் வேற பேர் சொல்லிக் கும்பிட்டா ஒத்துக்குவியா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா. நானாக ஒன்றும் சொல்வதில்லை, வேலை அப்படி. கேட்டால் சொல்வேன்: தீர்ப்பு சரி, புத்தரைப் புத்தர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முனியப்பன் என்று நினைத்து விளக்கேற்றியவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சிலை எந்தச் சாலைக்கு அடியில் ஜல்லியாகப் போயிருக்குமோ.

முதலாளி இப்போது அரிட்டாபட்டியைப் பயணத்திலிருந்து எடுத்துவிடச் சொல்வதில்லை. பாட்டி ஊருக்குத் திரும்பிச் சொன்னதில் அவருடைய பழைய தோட்டத்து ஆட்களே ஒரு பஸ் நிறையப் பேர் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் காரணம், கலாசார ஆர்வம் ஒன்றும் கிடையாது. கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பூஜாங் பள்ளத்தாக்கின் மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் நம்ம ஊர்ச் சண்டிகளை முதலில் காட்டிவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். வேன் வாடகையை யார் கொடுப்பது என்கிறார். ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டால் போதும், காலையில் பசியாற மட்டும் அவர் வாங்கித் தரட்டும் என்று பேச்சு நடக்கிறது.