தங்கக்கோயில், கோட்டை பார்த்தாச்சு. வேலூரில் இன்னும் ஒரு நாள் இருந்தால்?

வேலூருக்கு வருகிறவர்கள் ஸ்ரீபுரத்தையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, மிச்ச நாளுக்கு ஏலகிரி கிளம்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் கார் வரிசையில் நிற்பதைவிட, காட்பாடி தாண்டி பொன்னை ஆற்றுப் பக்கம் போகலாம். வள்ளிமலை, மேல்பாடி, திருவலம் மூன்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம்.

வரிசை முக்கியம். கோயில்கள் மதியம் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும். அதனால் பாறை சுடுவதற்கு முன் வள்ளிமலை, நடுவில் மேல்பாடி, சாயங்காலம் திருவலம். திருப்பிப் போட்டால் உச்சி வெயிலில் மலையேற வேண்டிவரும்.

வள்ளிமலைக்கு வேலூரிலிருந்து காட்பாடி வழியாக பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. டூ வீலரோ காரோ இருந்தால் நிம்மதி. மேலே முருகன் சன்னதி பாறையைக் குடைந்த கோயில். திருத்தணிப் படித் திருவிழாவைத் தொடங்கிவைத்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளின் ஆசிரமமும் இந்த மலையில்தான். முருகனைக் கும்பிட்டதும் பலர் இறங்கிவிடுவார்கள். அதே மலையில் சமணர் குகை இருக்கிறது; அதைத் தவறவிடாதீர்கள். கங்க மன்னன் ராசமல்லன் எடுப்பித்தது என்று அங்குள்ள கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். செருப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டால் முள்ளும் சூடும் சேர்ந்து குகைப் பக்கம் போகவிடாது. பைக்குள் போட்டு எடுத்துப் போங்கள். கையில் கேரி பேக் தொங்கினால் குரங்கு பிடுங்கும். கிருத்திகையன்று கூட்டம் தாங்காது.

மேல்பாடிதான் இந்தச் சுற்றின் மாணிக்கம். சோமநாதீசுவரர் கோயிலுக்கு எதிரே சாலையின் மறுபக்கம் ஒரு சின்னக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில் அது. ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’, அதாவது ஆற்றூரில் இறந்த அரசர் என்று கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் தாத்தாவுக்கு இவ்வளவு அடக்கமாகவா கட்டினான் என்று தோன்றும். கேட் பூட்டியிருந்தால் எதிர்க் கோயிலில் விசாரியுங்கள். வெளியிலிருந்தே திரும்ப வேண்டாம். கல்வெட்டை நேரே நின்று போட்டோ எடுத்தால் எழுத்து தட்டையாகிவிடும். செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். மாவு, சுண்ணாம்பு தடவும் வேலை வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

திருவலம் பாடல் பெற்ற தலம், சம்பந்தர் பாடியது. இங்கே நந்தி சிவனைப் பார்க்காமல் வெளியே பார்த்து இருக்கும். காஞ்சனகிரி மலையிலிருந்து பூசைக்குத் தண்ணீர் கொண்டுவந்த அர்ச்சகரை மறித்த கஞ்சன் என்ற அசுரனை விரட்டப் புறப்பட்ட நந்தி என்பது தலபுராணம். அரை மணி நேரம் போதும்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புமுன் நேரமிருந்தால் பெங்களூரு நெடுஞ்சாலையில் சேதுவாலையில் திரும்பி விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால், அதன் நிழல் விழும் எண்தான் மணி. வாட்சோடு ஒத்துப்போகவில்லை என்று கல்லைக் குறை சொல்பவர்கள் உண்டு. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கானது. வேலூர் இருப்பது 79 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் இங்கே உச்சிக்கு வருவதே 14 நிமிடம் பிந்தித்தான். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து பிப்ரவரியில் அந்த வித்தியாசத்தை அரை மணிக்குக் கிட்டே கொண்டுபோகும். நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடும். மேகம் மூடியிருந்தால் கல்லும் சும்மா இருக்கும். சிங்க வாய் வழியாக இறங்கும் சிம்ம தீர்த்தம் கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு மட்டும் திறப்பார்கள். அன்று பிள்ளைவரம் வேண்டி வரும் பெண்கள் கூட்டம் அலைமோதும். கல்லை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. வழியில் கண்ணில் பட்டால் அரை கிலோ வாங்கிப் போடுங்கள், ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய் தொக்குச் செய்ய இதைவிட நல்ல காய் இல்லை.