சுறாவின் முதுகில் ஒரு கருவி

காசிமேட்டில் ஏலத்துக்குக் கிடக்கும் பால் சுறாவைப் பார்த்த மாத்திரத்தில் அதன் நீளத்தையும் எடையையும் சொல்லிவிடலாம். எந்தக் கடலில் திரிந்தது, எந்த ஆழத்தில் இரை தேடியது என்பவற்றைச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் உயிருள்ள சுறாக்களின்மீது மின்னணுக் கருவிகளைப் பொருத்துகிறார்கள்.

முதுகுத் துடுப்பில் திருகப்படும் செயற்கைக்கோள் கருவிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரேடியோ அலைகள் கடல்நீரை ஊடுருவுவதில்லை என்பதால், துடுப்பு நீருக்கு மேலே வந்தால்தான் இருப்பிடம் தெரியும். அரிதாகவே மேலே வரும் சுறாக்களுக்கு வேறொரு கருவி இருக்கிறது. முதுகுத் தசையில் சிறு முனையால் தைக்கப்படும் அது, மாதக்கணக்கில் ஆழம், வெப்பநிலை, வெளிச்சம் ஆகியவற்றைப் பதிந்துகொண்டே இருந்து, குறித்த நாளில் தன் இணைப்புக் கம்பியை மின்னோட்டத்தால் அரித்து அறுத்துக்கொண்டு, மிதந்து மேலே வந்து தகவல்களை அனுப்புகிறது. வெளிச்சப் பதிவிலிருந்து சூரியன் உதித்து மறைந்த நேரங்களை அறிந்து இடத்தைக் கணிக்கிறார்கள். நூறு கிலோமீட்டர்கூடப் பிசகலாம் என்றாலும், பெருங்கடலைக் கடக்கும் உயிரினத்துக்கு அது போதும் என்பேன்.

2003 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் இவ்வாறு கருவி பொருத்தப்பட்ட நிக்கோல் என்ற பெண் வெள்ளைச் சுறா, 99 நாட்களில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடைந்தது. அங்கே கருவி கழன்றுவிட்டது. 2004 ஆகஸ்டில் அது தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பியிருந்ததை உறுதிசெய்தவை, துடுப்பு ஓரத்து வெட்டுகளைக் காட்டிய வெறும் புகைப்படங்கள்தாம்.