கிளவுடுக்கு மாறினாலும் உங்கள் தலையிலேயே இருக்கும் வேலைகள்

கிளவுட் என்பது அடுத்தவருடைய கணினியை வாடகைக்கு எடுப்பது. வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கிளம்பினால் அது குடியிருப்பவர் பொறுப்பு. இங்கும் அப்படித்தான். மின்சாரம், குளிரூட்டல், பழுதான டிஸ்க்கை மாற்றுவது எல்லாம் கிளவுட் நிறுவனத்தின் வேலை. யார் உள்ளே வரலாம், தரவு அழிந்தால் எப்படி மீட்பது, மாதக் கடைசியில் பில் எவ்வளவு வரும் என்பதெல்லாம் உங்கள் வேலை. இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் மாறுகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையில் கிளவுடுக்கு ஐந்து இயல்புகளைச் சொல்கிறது. தொழில் நடத்துபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியவை இரண்டு: யாரிடமும் கேட்காமல் வேண்டியதை உடனே எடுத்துக்கொள்ளலாம், எடுத்த அளவுக்கு மீட்டர் ஓடும். வசதியும் ஆபத்தும் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன. அனுமதி அதிகமுள்ள ஒரு லாகின் திருடுபோனால், திருடியவரும் யாரிடமும் கேட்காமல் நூறு சர்வர்களை ஓடவிடுவார். மீட்டர் உங்கள் பெயரில் ஓடும்.

முதலில் பேக்கப்பைப் பேசிவிடுவோம். "அதெல்லாம் அவர்களே எடுத்து வைப்பார்கள்" என்பது மிகப் பரவலான, மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறான நம்பிக்கை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்கள் இருக்கும் கட்டடம்) ஒன்று எரிந்து போனது. அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்துத் தந்த கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு 2014 ஜூனில் நடந்தது இன்னும் கொடுமை. அதன் கிளவுட் கணக்கின் கட்டுப்பாட்டுத் திரைக்குள் ஒருவர் புகுந்து, சர்வர், டிஸ்க், பேக்கப் என்று பெரும்பாலானவற்றைச் சில மணி நேரத்தில் அழித்தார். நிறுவனம் தொழிலையே மூடிவிட்டது. பேக்கப்பும் அதே சாவியில் திறக்கிற கதவுக்குப் பின்னால் இருந்ததுதான் காரணம்.

ஆகவே குறைந்தது ஒரு பிரதி வேறு ஊரிலும், வேறு கணக்கிலும், வேறு லாகினிலும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி பெரும்பாலான சேமிப்புச் சேவைகளில் உண்டு. 30 நாளுக்காவது அதைப் போட்டு வையுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, மீட்டுப் பார்க்கவும் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று அதே வகைச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, பிரதி எடுக்க வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை. தினசரி பேக்கப் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) காப்பாற்றியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெற்று சர்வரில் முழுதாக மீட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். நெருக்கடி நாளில் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த எண்தான்.

இனி, எதை மாற்றுவது? ஒரு தாளில் எல்லா மென்பொருளையும் எழுதுங்கள். யார் பயன்படுத்துகிறார்கள், எத்தனை ஜிபி தரவு, உரிமம் வாடகைச் சர்வரில் ஓட அனுமதிக்கிறதா, எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும், எவ்வளவு நேரத்துத் தரவு போனால் தாங்கும். இவற்றோடு எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்றையும் சேருங்கள்: இது வேறு எந்த மென்பொருளோடு பேசுகிறது? கணக்கு மென்பொருளைக் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு, அதன் டேட்டாபேஸை அலுவலகத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். உள் நெட்வொர்க்கில் ஒரு கேள்விக்கு 1 மில்லிவினாடி ஆனது, இப்போது 30 ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக 2,000 கேள்வி கேட்கிற அறிக்கை 2 வினாடியில் வந்தது, இனி ஒரு நிமிடம் எடுக்கும். "கிளவுட் மெதுவாக இருக்கிறது" என்ற புகார்களில் நிறைய இந்த வகைதான். சேர்ந்து பேசுகிறவை சேர்ந்தே நகர வேண்டும்.

மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு போன்றவற்றை ஆயத்த மென்பொருளாக வாடகைக்கு எடுங்கள். வாடகைச் சர்வரில் சொந்தமாக மெயில் சர்வர் நிறுவுவது சிறிய நிறுவனத்துக்கு வேண்டாத சுமை. உங்களுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளுக்கு மட்டும் சர்வர் எடுத்தால் போதும். டேட்டாபேஸை, பராமரிப்போடு சேர்ந்த சேவையாக வாங்குவது பெரும்பாலும் நல்லது.

கணக்குத் திறந்த அன்றே, முதல் சர்வரை எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. தலைமைக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, அன்றாட வேலைக்கு அதைத் தொடாதீர்கள். ஆளுக்கொரு லாகின், வேலைக்கேற்ற அனுமதி. டேட்டாபேஸுக்குப் பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் யாரும் நேராக எட்டக்கூடிய முகவரி, கூடாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் 22, 3389 என்ற எண்ணுள்ள போர்ட்டுகளை (நெட்வொர்க் வாசல்களை) இணையம் முழுவதற்கும் திறந்து வைக்கக் கூடாது. யார் என்ன செய்தார் என்ற பதிவை இயக்கிவிடுங்கள். மாதத்துக்கு ஒதுக்கிய தொகையில் செலவு 50, 80, 100 சதவீதத்தைத் தொடும்போது எச்சரிக்கை வரட்டும். அந்த எச்சரிக்கை பொதுவாக எதையும் நிறுத்தாது, தகவல் மட்டும் சொல்லும். அதுவும் சில மணி நேரம் தாமதமாக. எனவே மின்னஞ்சலைத் தினமும் பார்க்கிற ஒருவருக்கே அது போக வேண்டும்.

பில் எகிறுவது பெரும்பாலும் கண்ணில் படாதவற்றால். சர்வரை நிறுத்தினாலும் அதன் டிஸ்க்குக்குக் காசு ஓடும். சர்வரை அழித்த பிறகும் ஸ்னாப்ஷாட்டுகள் தங்கிவிடும். காலக்கெடு வைக்காத லாக் கோப்புகள் (மென்பொருள் தானே எழுதும் நடவடிக்கைப் பதிவுகள்) வளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே அனுப்பும் தரவுக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. வெளியே எடுப்பதற்கு உண்டு. சோதனைச் சர்வர் வாரத்தின் 168 மணி நேரமும் ஓடத் தேவையில்லை. வேலை நாட்களில் 10 மணி நேரம் என்றால் 50தான். ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத் தள்ளுபடி கவர்ச்சியாகத் தெரியும். முதல் மூன்று மாதப் பயன்பாட்டைப் பார்க்காமல் அதில் கையெழுத்திடாதீர்கள். பழைய சர்வரின் அளவையே நகலெடுத்து வாங்கியிருந்தால், பெரும்பாலும் அது தேவைக்கு மேல்தான் இருக்கும்.

மாற்றும் வாரத்துக்கு வருவோம். 10 டெராபைட் தரவு, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் முழு வேகத்தில் போனாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஆகவே முழுத் தரவை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கடைசியில் மாறியதை மட்டும் அனுப்புங்கள். உங்கள் இணையப் பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்று சொல்வது டிஎன்எஸ் பதிவு; அதை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது டிடிஎல். அது 86,400 வினாடி என்றிருந்தால், ஓரிரு நாள் முன்பே 300க்குக் குறையுங்கள். இல்லையென்றால் மாற்றிய பிறகும் ஒரு நாள்வரை சிலர் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள். மாறும் நேரத்தில் பழையதைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில் வைத்துவிட்டு, இரு பக்கமும் அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையையும் தொகைகளையும் ஒப்பிடுங்கள். எத்தனை மணிக்குள் சரிவராவிட்டால் பின்வாங்குவது என்பதை முந்தைய நாளே எழுதி வையுங்கள். நள்ளிரவில், களைத்த மூளையோடு எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது.

சேவை 99.9 சதவீத நேரம் இயங்கும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். அப்படி இரண்டு சேவைகளை நம்பி உங்கள் மென்பொருள் நின்றால், தனித்தனியே பழுதாகும்போது அது 86 நிமிடம்வரை போகும். அதையும் தாண்டினால் பொதுவாகக் கிடைப்பது பில்லில் ஒரு கழிவு. இழந்த வியாபாரத்துக்கு ஈடு கிடைக்காது.

எல்லாமே போக வேண்டியதில்லை. இயந்திரங்களை மில்லிவினாடிக் கணக்கில் இயக்கும் மென்பொருள், இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் நடக்கும் வேலை, ஆண்டு முழுவதும் ஏறாமல் இறங்காமல் ஒரே சுமையில் ஓடும் சர்வர் ஆகியவை இருக்கிற இடத்திலேயே மலிவாகவும் நன்றாகவும் இருக்கக்கூடும். பேஸ்கேம்ப் மென்பொருளைத் தயாரிக்கும் 37சிக்னல்ஸ், சீரான சுமைக்குச் சொந்தச் சர்வரே ஏற்றது என்று கணக்கிட்டு, கிளவுடை விட்டு வெளியேறுவதாக 2022 அக்டோபரில் அறிவித்தது. நீங்களும் ஒருநாள் வெளியேற நேரலாம். எந்தச் சேவையில் சேரும் முன்பும் தரவு முழுவதையும் எந்த வடிவத்தில் திரும்பப் பெற முடியும், கணக்கை மூடிய பிறகு எத்தனை நாள் அதை வைத்திருப்பார்கள் என்ற இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு முறை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பு வேறொரு மென்பொருளில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.