அப்பச்சி வாங்கிவந்த சர்க்கரைப் பொடி

இரத்தக் கொதிப்பு, சர்க்கரை இரண்டுக்கும் ஒரே மருந்து என்று காரைக்குடிப் பக்கம் ஒருவரிடம் அப்பச்சி வாங்கிவந்த சூரணம் அபாரமாக வேலை செய்தது. எனக்கு உறுத்தியதே அதுதான். சர்க்கரைக்குக் கொடுக்கும் மூலிகைகளான ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் இவ்வளவு அவசரப்படுவதில்லை. சில நாட்களிலேயே சாப்பாட்டு நேரத்துக்கு முன் அவருக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. குளுக்கோமீட்டர் 58 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்நிலைச் சர்க்கரை. அவரோ, "மருந்து பிடித்துக்கொண்டது" என்று பெருமைப்பட்டார்.

பொட்டலத்தில் உரிம எண்ணோ, தயாரித்த தேதியோ இல்லை. என்ன மூலிகை என்று கேட்டால் பரம்பரை ரகசியமாம். ஆங்கில மருந்தைக் கலந்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆய்வகத்தில் போய், "இதைச் சோதித்துக் கொடுங்கள்" என்றால் காரியம் நடக்காது. எதைத் தேட வேண்டும் என்று நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். முதலில் அவர்கள் சொன்னது உலோகப் பரிசோதனை. ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை உச்சவரம்பு. அதோடு நின்றிருந்தால் பொடி நல்லபிள்ளையாகத் தேறியிருக்கும். நான்குமே வரம்புக்குள்தான் இருந்தன. ஆங்கில மருந்துக் கலப்படத்துக்குத் தனிக் கட்டணம். எங்கள் டாக்டர் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு, கொதிப்புக்கான அம்லோடிபின் என்று பெயர் பெயராக எழுதித் தந்தார். பிரிக்காத பொட்டலத்தையே கொடுங்கள். வீட்டு டப்பாவில் கொட்டி வைத்ததைக் கொடுத்தால், உங்கள் வீட்டு மாத்திரைதான் கலந்துவிட்டது என்று விற்றவர் கைகழுவிவிடுவார்.

அறிக்கையில் கிளிபென்கிளமைடு இருந்தது. அப்பச்சி ஏற்கெனவே சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடும் அதே குடும்பம்தான். இரட்டை மருந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"உனக்கு மூலிகை என்றாலே இளக்காரம்" என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். சர்ப்பகந்தா வேரிலிருந்துதான் 1952இல் ரெசர்பின் என்ற கொதிப்பு மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். மூலிகையோடு எனக்குச் சண்டையே இல்லை.

பிறகு அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் ஆவாரைக் குடிநீர் என்ற கஷாய மருந்து வாங்கினோம். மாத்திரைகளை நிறுத்தவில்லை. வீட்டில் இருமலுக்கு வைத்திருந்த அதிமதுரத்தை அந்தச் சித்த மருத்துவர்தான் தடுத்தார். தொடர்ந்து சாப்பிட்டால் கொதிப்பை ஏற்றிவிடும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின், ஒரே கையில் அழுத்தம் பார்த்துக் குறித்தோம். சர்க்கரைக்கு எச்பிஏ1சி, அதாவது சில மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

8.1 சதவீதமாக இருந்த எச்பிஏ1சி 7.6க்கு வந்தது. அழுத்தம் அசையவில்லை. இறங்கியது குடிநீராலா, ஆத்தா கந்தரப்பம் என்ற இனிப்பைச் சுடுவதை நிறுத்தியதாலா? ஒரே ஆளை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது! அடுத்த மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றாமல் குடிநீரை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அப்பச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.

பொடிக்காரர் மேல் மருந்து ஆய்வாளரிடம் மனு கொடுத்திருக்கிறோம். வழக்கு என்று போனால் எங்கள் அறிக்கை போதாது. ஆய்வாளரே நேரில் மாதிரி எடுக்க வேண்டும்.